ஆற்றுக்குள் போட்ட மேடை

வறண்ட வைகையின் மணலிலே மேடை கண்ட இந்தக் கூட்டத்தின் தலைவர், ஆசிரியை தமிழ்வாணி அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, மடியில் மழலையோடு மணலில் அமர்ந்த தாய்மாரே, தடுப்புக் கம்பில் தொற்றி நிற்கும் தம்பிமாரே, வணக்கம்!

வருசநாட்டு மலையில் பிறந்தவள் வைகை. வடக்கே நடந்தாள், அணையில் தங்கினாள், கிழக்கே திரும்பினாள். சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பாலூட்டினாள். மதுரைக்கு வந்தவளுக்கு நாம் என்ன கொடுத்தோம்? சாக்கடையைக் கொடுத்தோம்! குப்பையைக் கொடுத்தோம்! வண்டி நிறுத்த அவள் மடியையே...

தலைவர் என் சட்டையை இழுக்கிறார். பேச்சைச் சுருக்கச் சொல்கிறாரோ? இல்லை, போனை நீட்டுகிறார். பொறுங்கள்.

அன்பர்களே, நம் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த கொடிக்கால்காரர் சிவபாண்டி, சமயநல்லூர்ப் பக்கமிருந்து பேசினார். "அண்ணே, நுரையும் சருகுமா தண்ணி என்னையத் தாண்டிப் போயிருச்சு. எம்புட்டுன்னு கேக்காதீங்க, ஆளுகளை மேல ஏத்துங்க!" என்கிறார்.

அணையைத் திறக்கிறோம் என்று மதியமே ஆட்டோவில் எச்சரித்துப் போனார்களாம். நம் காதில் விழுந்ததா? நம் ஒலிபெருக்கியில் பாட்டல்லவா அலறியது! வைகையில் ஏது தண்ணீர் என்ற மிதப்பில், ஆற்றைக் காக்க ஆற்றுக்குள்ளேயே கூட்டம் போட்டோம்.

உட்காருங்கள்! ஓடாதீர்கள்! ஏறுவதற்கு ஒரே படித்துறை. பாய்ந்தால், தண்ணீர் வருமுன் நாமே நம்மை மிதித்துவிடுவோம். பேச்சின் முடிவில் சொல்லும் அந்தச் சொல்லைக் கேட்டதும் மொத்தமாக எழுவது நம் கூட்டத்து வழக்கம். கடைசி ஆள் கரையேறும்வரை அதைச் சொல்ல மாட்டேன். மீண்டும் விளிக்கிறேன், விளித்தவர் மட்டும் எழுங்கள்.

மழலையோடு அமர்ந்த தாய்மாரே, எழுங்கள்! மெல்ல... மெல்ல. மூத்தோரே, எழுங்கள்!

ஒச்சாயி அக்கா, சுண்டல் வண்டியை விடுங்கள். என்ன சொல்கிறீர்கள்? "வண்டி போனா என் பொழப்பு போயிரும்யா!" என்கிறீர்களா? அக்கா, வண்டிக்கு இந்தக் கூட்டம் பொறுப்பு; உயிருக்கு யார் பொறுப்பு? மாப்ள மருது, அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போ!

மேற்கே இரைச்சல் கேட்கிறதா? கடலைக்கூடச் சேராமல் கண்மாய்களுக்கே தன்னைக் கொடுப்பவள் வைகை. அவள் தன் வழியில் வருகிறாள். வழியில் நிற்பவர் யார்? நாம்! தம்பிமாரே, இப்போது நீங்கள்! தலைவர் அவர்களே, மற்ற நாளில் உங்களுக்குத்தான் முதல் மரியாதை, இன்று கடைசி. நடங்கள், கம்பியில்லா மைக்கோடு பின்னால் வருகிறேன்.

கால் நனைகிறது. படியேறிவிட்டேன். பாருங்கள், மேடை நாற்காலிகள் மிதக்கின்றன. அதோ, சுண்டல் வண்டியும் சாய்கிறது. அழுங்கள் ஒச்சாயி அக்கா, வாக்கு மறக்க மாட்டோம்.

எல்லோரும் வந்துவிட்டோமா? பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள், வந்துவிட்டோமா?

அப்படியானால், இப்போது சொல்கிறேன். நன்றி! வைகைத் தாயே, உனக்கும் வணக்கம்!