சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு

இல்ல சார், ‘தட்டு சிஸ்டர் வந்தாச்சு’ன்னு உங்க கிளார்க் பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட மெதுவாத்தான் சொன்னாரு. எனக்குத்தான் காது கொஞ்சம் கூர்மை. பிரசவ வார்டுல பதினோரு வருஷம். நிஜ வலியில முனகறது எது, பயத்துல முனகறது எதுன்னு கதவுக்கு வெளிய நின்னே சொல்லிடுவேன். பரவால்ல, பேரு நல்லாத்தான் இருக்கு.

மெமோவ ரெண்டு தடவ படிச்சேன் சார். டாக்டர்கள் உணவருந்தும் அறைக்கு அருவருக்கத்தக்க பொருளைக் கொண்டுவந்து, மேசைமேல் வைத்து, பெரிய டாக்டருக்கு மன உளைச்சல் ஏற்படுத்தியதாக. நல்லா எழுதறீங்க. மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்தா இதோட விட்டுடலாம், இல்லன்னா சஸ்பெண்ட். அதுவும் புரிஞ்சுது.

குழந்தைக்குப் பின்னாடி வெளிய வர்ற அந்தப் பொருளுக்கு நாம வச்சிருக்கற பேரப் பாருங்களேன், நஞ்சு. ஒம்பது மாசம் குழந்தைக்குச் சோறு போட்டு, மூச்சு குடுத்து, அழுக்கையும் வாரி வெளிய கொட்டினதுக்கு மரியாத. வேல முடிஞ்சா போற எடம் ஆஸ்பத்திரிக் கழிவு போடற மஞ்சப் பை. நீங்களும் நானும் ரிட்டயர் ஆனா பொன்னாடையாவது போத்துவாங்க.

என்ன சார்? அம்மா ரத்தம் நேரா குழந்தைக்குப் போகுதுன்னா நெனச்சீங்க? இல்ல சார், ரெண்டும் கலக்காது. ஒரே வீட்ல தனிக்குடித்தனம் பண்ற மாமியார் மருமக மாதிரி. நடுவுல ஒரு சுவர், சாப்பாடு மட்டும் கைமாறும். அங்கேருந்து தொப்புள்கொடி. அதுல மூணு குழாய். ஒண்ணு கொண்டு வரும், ரெண்டு திருப்பி எடுத்துட்டுப் போகும். உங்க ஆபீஸ்ல போற ஃபைல விட ஒழுங்கா போய்ட்டுத் திரும்பி வரும்.

சரி சார், விஷயத்துக்கு வரேன்.

அன்னிக்கு மூணாம் பெட் பொண்ணுக்குக் குழந்த பொறந்துச்சு. கொடிய வெட்டினோம், நஞ்சும் வந்துச்சு. பெரிய டாக்டர் கையக் கழுவிட்டுச் சாப்பிடப் போயிட்டாரு. சொந்தக்காரங்க மூக்கு யாரு மாதிரின்னு சண்ட போடப் போயிட்டாங்க. நஞ்சுகிட்ட மிச்சம் இருந்தது நான் மட்டும்தான். தட்டுல விரிச்சு, ரத்தக்கட்டியக் கழுவி, அம்மா பக்கம் ஒட்டியிருந்த பாகத்த மேல பாத்த மாதிரி திருப்பணும். துண்டு துண்டா பிரிஞ்ச மாதிரி இருக்கும். ரெண்டு கையாலயும் சேத்துப் பிடிச்சா, ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும். பொருந்தல. ஓரத்துல ரெண்டு விரல் அகலத்துக்குக் குழி.

குழின்னா, அந்தத் துண்டு உள்ளயே இருக்குன்னு அர்த்தம் சார். உள்ள இருந்தா கர்ப்பப்பை சுருங்காது. சுருங்கலன்னா ரத்தம் நிக்காது. சில பேருக்கு உடனே கொட்டும். சில பேருக்கு நல்லா சிரிச்சுப் பேசி வீட்டுக்குப் போனப்புறம்.

பெரிய டாக்டருக்குப் போன் பண்ணினேன். முழுசா வந்துச்சுன்னு எழுதிடுங்க சிஸ்டர்னாரு. குழி இருக்கு சார்னேன். உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்னாரு. மறுபடி பண்ணினேன், எடுக்கல. பக்கத்து சிஸ்டர அந்தப் பொண்ணு வயித்துல கைய வச்சு அழுத்திட்டு இருக்கச் சொல்லிட்டு, தட்டத் தூக்கிட்டு மாடிக்குப் போனேன். அவரு தட்டுக்குப் பக்கத்துல என் தட்ட வச்சேன்.

சுகாதாரமா? துணி போட்டு மூடித்தான் சார் கொண்டுபோனேன். தொறந்தது அவரு. அவருக்காக ஸ்வீட் கீட் கொண்டுவந்திருக்கேன்னு நெனச்சாரோ என்னவோ.

அர நிமிஷம் பாத்தாரு. எழுந்தாரு. டாக்டருங்க ஓட மாட்டாங்க சார், வேகமா நடப்பாங்க. அன்னிக்கு ஓடினாரு. துண்ட வெளிய எடுத்தாரு, நல்லா எடுத்தாரு, அதச் சொல்லணும். அந்தப் பொண்ணு மறுநாள் எழுந்து உக்காந்து தலை சீவிக்கிட்டா. மன உளைச்சல் அதுக்கப்புறம்தான் வந்திருக்கு.

மன்னிப்புக் கடிதமா? எழுதிட்டேன் சார், இதோ. மேசைல வச்சது தப்பு, நாற்காலில வச்சிருக்கணும்னு எழுதலாமான்னு யோசிச்சேன். எழுதல. மரியாதையாத்தான் எழுதியிருக்கேன்.

இல்ல, ரெண்டு தாள் இருக்கு. ரெண்டாவது நீங்க கேக்காதது.

போன மாசம் ஒரு மத்தியானம் சார். நஞ்ச வந்து பாக்கறீங்களான்னு அதே டாக்டருக்குப் போன், அதே பதில். முழுசுன்னு எழுதிடுங்க. எழுதிட்டேன். அன்னிக்கு இன்னும் நாலு பேரு வலியோட காத்துக்கிட்டிருந்தாங்க. நஞ்சத் திருப்பிக்கூடப் பாக்கல. ஒம்பதாம் நாள் அந்தப் பொண்ண ரத்தத்தோட தூக்கிட்டு வந்தாங்க. உயிர் இருக்கு. கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. இருபத்திரண்டு வயசு. அதுக்கு யாருக்கும் மெமோ வரல. எப்படி வரும்? கேஸ் ஷீட்ல முழுசுன்னு இருக்கே, கீழ என் கையெழுத்து வேற. அதத்தான் ரெண்டாவது தாள்ல எழுதியிருக்கேன்.

அவ உடம்புலதான் கோளாறு, ஒரு புள்ளயோட நின்னுபோச்சுன்னு அவ வீட்ல பேசிக்கறதா நம்ம ஆயாம்மா சொன்னாங்க. ஆயாம்மாவும் அதே தெருதான்.

வேணாம் சார், கிழிக்காதீங்க. கிழிச்சாலும் பிரயோஜனம் இல்ல. இன்னொரு நகல் எடுத்துட்டு நேத்து சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். மாமியார்தான் கதவத் தொறந்தாங்க. பிரசவம் பாத்த சிஸ்டராச்சேன்னு உள்ள கூப்ட்டு உக்கார வச்சாங்க, தண்ணி குடுத்தாங்க. தாள நீட்டினா, படிக்கத் தெரியாதும்மா, நீயே படின்னாங்க. மருமகளையும் கூப்பிடச் சொன்னேன். அவ குழந்தையத் தூக்கிட்டு வந்து கதவோரமா நின்னா.

முழுசும் படிச்சேன் சார்.