ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திய யோருனுக்கு

பனியாற்றைப் பலநூறு முறை கடந்தவரே! ஒரே ஒருமுறை கடக்க மறுத்தவரே! எங்கள் மீட்புப் படையின் பெரிய வண்டியை இன்று ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பும் யோருன் அம்மையாரே, வணக்கம்.

இதற்கு மேல் அடைமொழி கூடாது என்பது உங்கள் கட்டளை. "பேரச் சொன்னாப் போதும். நான் என்ன பிஷப்பா?" என்றீர்கள். அப்படியே ஆகட்டும்.

மலைப்பனி உருகி வரும் நம் ஆற்றில் அடி தெரியாது. கரைத்த சிமெண்ட் நிறத்தில் ஓடும். நேற்று வண்டி கடந்த துறை இன்று பள்ளமாகியிருக்கும். பகல் வெயில் உருக்கிய நீர் மாலையில் ஏறும், விடியலில் இறங்கும். ஆகவே பழைய சக்கரத் தடத்தை நீங்கள் என்றும் நம்பியதில்லை. இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை வண்டியில் பிணைத்து, முதலில் நீங்கள் நடப்பீர்கள். அகன்று சலசலக்கும் நீரைத் தேடுவீர்கள். அமைதியாக இருக்கும் நீர் ஆழமென்று விலகுவீர்கள். உங்கள் கால் போகாத இடத்தில் உங்கள் சக்கரம் போனதில்லை.

பிறகு வண்டியில் ஏறி, "பெல்ட்டக் கழட்டுங்க, கண்ணாடிய எறக்குங்க" என்பீர்கள். கவிழ்ந்தால் வெளியேற வேண்டுமே! சிறிய கியரில் மெல்ல இறங்கி, நீரோட்டத்தோடு சாய்ந்து போவீர்கள். வண்டி தள்ளும் அலை வண்டிக்கு முன்னே ஒரே சீராகப் போகும். அதை முந்தவும் மாட்டீர்கள், நடுவில் நிற்கவும் மாட்டீர்கள். பேசினால் முறைப்பீர்கள்.

இவ்வளவோடு முடித்தால் இது நல்ல மடலாக இருக்கும். ஆனால் அந்த ஜூலை மாதத்தைச் சொல்லாமல் உங்களைப் பாராட்டுவது பொய்.

மலையேறிகள் தங்கும் அக்கரைக் குடிலின் காவலர் ஊல்வருக்கு மாலையில் நெஞ்சுவலி வந்தது. நம் எல்லோருக்கும் நண்பர். அவர் மனைவி ஆல்தா வானொலியில் அழைத்தார். ஹெலிகாப்டர் கடலில் ஒரு மீன்பிடிக் கப்பலுக்குப் போயிருந்தது. நீங்களும், தெய்தூர், ஸ்வானா, கோல்பெயின் ஆகிய நாங்கள் மூவரும் கிளம்பினோம். உலகின் வடகோடியில் இருக்கும் நமக்குக் கோடையில் இருட்டு ஏது? கரையை அடைந்தபோது குடிலின் சிவப்புக் கூரை பளிச்சென்று தெரிந்தது.

கயிற்றோடு இறங்கினீர்கள். நீர் இடுப்பைத் தாண்டியது. அடியில் பாறைகள் உருளும் கடகடப்பு கரையில் நின்ற எங்களுக்கே கேட்டது. ஒரு கல் உங்கள் காலை வாரியது. இழுத்துக் கரை சேர்த்தோம். எழுந்து, "போக முடியாது" என்றீர்கள்.

"பாத்துக்கலாம், ஏறு" என்றார் தெய்தூர். புயலுக்கும் கடனுக்கும் கல்யாணத்துக்கும் நம் நாட்டில் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான்.

"ஆத்துகிட்டப் போய்ச் சொல்லு."

"அப்ப எதுக்கு இவ்ளோ பெரிய சக்கரம்? அழகுக்கா?" என்று கத்தினார் கோல்பெயின்.

நீங்கள் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டீர்கள். அப்போது வானொலியில் ஆல்தாவின் குரல் வந்தது.

"உங்க வண்டி இங்கேருந்து தெரியுது யோருன். ஏன் நின்னுட்டீங்க?"

வானொலியைக் கையில் எடுத்தீர்கள். நீங்களே சொன்னீர்கள். "தண்ணி எறங்கணும் ஆல்தா."

"எப்ப எறங்கும்?"

"விடியக்காலம்."

"அதுவரைக்கும் இவரு தாங்கமாட்டாரு."

"தெரியும்."

விடியும்வரை நீங்கள் வானொலியை அணைக்கவில்லை. நடுவில் ஆல்தா அழுவது நின்றது. ஏன் நின்றது என்று எங்களுக்குப் புரிந்தது.

காலையில் நீர் இறங்கியது. மறுபடி நடந்து பார்த்தீர்கள், மறுபடி பெல்ட்டைக் கழற்றச் சொன்னீர்கள், கடந்தோம். திரும்பும்போது ஊல்வரின் உடலைக் கட்டியிருந்த பட்டைகளையும் அவிழ்க்கச் சொன்னீர்கள்.

"அவனுக்கு எதுக்கு இனிமே?" என்றார் கோல்பெயின்.

"ஆத்துல எறங்குற எல்லாருக்கும்தான்."

ஆல்தாவே அவிழ்த்தார். இக்கரை வரும்வரை இரு கைகளாலும் உடலை அணைத்துப் பிடித்திருந்தார்.

முந்தின மாலை இறங்கியிருந்தால் கடந்திருப்போமா? தெரியாது. இன்றும் தெரியாது. ஊருக்கு மட்டும் தெரிந்திருந்தது. "யோருன் வண்டிக்கு நீச்சல் தெரியாதாம்" என்றார்கள். நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில் ஊரே கழுத்தளவு அமர்ந்து கதை பேசும் இந்த ஊரில், நீங்கள் கால் வைத்ததும் பேச்சு நிற்கும். ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். நீங்கள் சனிக்கிழமைதோறும் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை. ஆல்தா உங்களோடு பேசவே இல்லை. எங்கள் மூவரில் இருவர் ஓராண்டு பேசவில்லை. ஆனாலும் அழைப்பு வந்தால் உங்கள் வண்டியில்தான் ஏறினோம்.

அதன் பிறகு ஸ்வானாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். தெய்தூர் தன் தாயை அடக்கம் செய்தார். கோல்பெயின் குடியை விட்டார், மறுபடி தொடங்கினார், மறுபடி விட்டார். இவையெல்லாம் உயிரோடிருப்பவர்கள் செய்யும் காரியங்கள். இதுவே நாங்கள் வாசிக்கும் பாராட்டு.

இம்மடலைச் சபையில் படிக்குமுன் ஆல்தாவிடம் கொண்டுபோனோம். அவர் வேண்டாம் என்றால் கிழித்துப்போடுவதாக முடிவு செய்திருந்தோம். காப்பி கொடுத்தார். நின்றபடியே படித்தார்.

"துணிச்சல்னு எழுதியிருக்கீங்க. அத எடுங்க. யோருன் பயந்தா. அன்னைக்கு அங்க பயந்த ஒரே ஆளு அவதான்."

எடுத்துவிட்டோம்.

"மன்னிச்சிட்டீங்கன்னு போடலாமா?" என்று கேட்டார் ஸ்வானா.

"போடாதீங்க. மன்னிக்கல." காப்பிக் கோப்பைகளை எடுத்துக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். திரும்பாமலே சொன்னார்: "சனிக்கிழமை காலையில குளத்துக்கு வர்றேன்னு போடுங்க. எழுந்து போகமாட்டேன்னும் போடுங்க."

போட்டுவிட்டோம், யோருன் அவர்களே.

உடல்நலத்தோடு நெடுங்காலம் வாழுங்கள். உங்கள் முழங்கால் வலி தீரட்டும். இனி நீங்கள் இறங்கும் தண்ணீர் சூடாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்று உங்களோடு கரையில் நின்ற
தெய்தூர், ஸ்வானா, கோல்பெயின்
மற்றும் மீட்புப் படையினர்

படித்துத் திருத்தியவர்: ஆல்தா