துப்பினால் குற்றமில்லை

லோஹேகாவிலிருந்து ஊருக்குள் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க இரண்டு இளைஞர்கள். புனேயில் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில் சத்தமாகவே பேசினார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவன் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

“வாயில ஊத்திக் கொப்பளிச்சுத் துப்பிடு. சத்தியம் கெடாது.”

“குடிக்கவே மாட்டேன்னு அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்கேன்டா.”

“குடிக்க மாட்டேன்னுதானே? நாளைக்கு ஹோட்டல்ல ஒயின் ருசி பாக்குற பார்ட்டில எல்லாருமே வாயில வச்சுட்டுத் துப்புவாங்க. அதுக்குன்னே வாளி வச்சிருப்பாங்க. கிளையன்ட் ஒயின் பைத்தியம். ருசியை வச்சு எந்த ஊர் ஒயின்னு நீ தப்பில்லாம சொல்லிட்டா அடுத்த ஃபாரின் ஆன்சைட் வேலை உனக்குத்தான். சொல்லு, போர்தோ எங்க?”

“பிரான்ஸ். சிவப்பு. துவர்க்கும்.”

“மோசல்?”

“ஜெர்மனி. வெள்ளை. லேசா இனிக்கும்.”

“நியூசிலாந்து?”

“அதுவும் வெள்ளைதான். வெட்டின புல் வாசனை. ஏன்டா, புல் வாசனை அடிக்கிறதை எதுக்குடா குடிக்கிறாங்க?”

“கிளையன்ட்கிட்ட இதைக் கேட்டுத் தொலைச்சிடாத.”

பஸ் எரவாடாவைத் தாண்டியது. பாடம் ஒப்பித்தவன் விரல் மடக்கி நாடுகளை முணுமுணுத்தான். திடீரென்று நிறுத்தினான்.

“நீயும் உங்க அம்மாகிட்ட சத்தியம் பண்ணினவன்தானே? போன வருஷம் இதே பார்ட்டிக்கு நீ போனப்போ எல்லா நாட்டையும் துப்பினியா?”

ஜன்னலோரத்துக்காரன் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினான்.

“பிரான்ஸை மட்டும் துப்பினேன்டா.”