பாதி வரை பிரமாதம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆறுச்சாமி பேக்கரி மாடியில் இருந்தவர்கள்:

பிரியங்கா. ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். கொலை நடக்காத நாவலைத் தொடமாட்டாள்.

கியாசுதீன் பாய். பட்டன், ஜிப் கடை வைத்திருக்கிறார். ராஜா, குதிரை, சுரங்கப்பாதை மூன்றும் இருந்தால் போதும்.

ஆறுச்சாமி. பேக்கரி அவருடையது. படிக்கமாட்டார், கதை கேட்பார்.

மருதாசலம். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் செய்பவர். சர்க்கரை இல்லாத டீ.

நான், தரணி. புத்தகம் பரிந்துரைப்பவன்.

யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதச் சொன்னீர்கள் மேடம், எழுதிவிட்டேன். அன்று பப்ஸ் நன்றாக இருந்தது. மருதாசலம் இப்போது எங்கே இருக்கிறார் என்பதையும் எழுதுவேன். ஆனால் நடுவிலிருந்து ஆரம்பித்தால் எதுவும் ருசிக்காது. உங்கள் மேஜையில் ஒரு நாவல் இருப்பதைப் பார்த்தேன், அதனால் உங்களுக்கு இது புரியும்.

நான் கோயமுத்தூரில் காலேஜை இரண்டாம் வருடத்தில் விட்டவன். பிறகு முதலிபாளையத்தில் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டில் நைட் ஷிப்ட் பார்த்தேன். அதையும் விட்டேன். நிட்டிங்கில் மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும், நூல் அறுந்தால் மட்டும் எழுந்தால் போதும். மீதி நேரம் படித்தேன். துணி ரோலாக விழும், இறக்கி வைப்போம், யாரோ ஏற்றிக்கொண்டு போவார்கள். அது எந்த ஊர்க்காரன் உடம்பில் பனியனாக ஏறியது என்று நான் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

பரிந்துரைப்பது ஒரு கலை. ‘நல்ல புத்தகம், படிங்க’ என்று சொன்னால் எவனும் படிக்கமாட்டான். நான் இப்படிச் சொல்வேன். ஒரு ஜமீன் வீட்டு விருந்து. பாயசம் பரிமாறும்போது விளக்கு அணைகிறது. திரும்ப ஏற்றினால் எல்லாரும் அவரவர் இலையில் இருக்கிறார்கள், ஜமீன்தாருக்கு மட்டும் மீசை இல்லை. இங்கே நிறுத்திவிட்டு டீயைக் குடிப்பேன்.

“மீசை என்னாச்சுப்பா?” என்பார் பாய்.

“படிங்க பாய்.”

“காலைல ஜிப் லோடு வருதுப்பா. இப்படிச் சொல்லிட்டு நிறுத்துனா எவன் அட்டப்பெட்டிய எண்றது? நீ சண்டாளன்.”

வாங்கிக்கொண்டு போவார். உடுமலையில் வசூலுக்கு இறங்கவேண்டியவர், பஸ்ஸில் அந்த மீசையைப் படித்துக்கொண்டே மடத்துக்குளத்தில் போய் இறங்கினார். பிரியங்கா இன்னொரு நாவலை மடியில் வைத்துக்கொண்டு, துணி வாங்கும் வெளிநாட்டு பையரோடு வீடியோ காலில் உட்கார்ந்தாள். அவன் விலையைக் குறைக்கச் சொன்ன நேரத்தில் “ஐயோ, அவளா” என்றாளாம். பையர் பயந்துபோய் பழைய விலைக்கே ஒத்துக்கொண்டான். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்ததில் கீழே கேக் வாங்க வந்தவர்கள் மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தலை கிறுகிறுக்கும். குடித்தால் அப்படி இருக்கும் என்கிறார்கள். நான் குடிப்பதில்லை.

எங்கள் கூட்டத்துக்கு இரண்டு விதிகள். ஒன்று, உட்கார்ந்ததும் எல்லாரும் போனை ரொட்டித் தட்டில் போட்டுவிடவேண்டும். ஆறுச்சாமி தட்டை நீட்டுவார், கை தானாகப் போனை வைத்துவிடும். இரண்டாவது விதி மருதாசலத்தால் வந்தது.

மருதாசலத்தின் வேலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். துணி தைத்து, மடித்து, பெட்டியில் அடைத்த பிறகு பையர் சார்பாக வருவார். ஏதாவது சில பெட்டிகளைப் பிரிக்கச் சொல்லி, சில பீஸ்களை எடுத்துத் தையலை இழுத்துப் பார்ப்பார். பாஸ் அல்லது ஃபெயில். நூல் எங்கே வாங்கினார்கள், யார் ஓட்டினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. நாவலையும் அப்படித்தான் பார்த்தார். கையில் வாங்கியதும் கடைசி அத்தியாயம். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார்.

“ஃபெயில் கண்ணு. முடிவு தொளதொளங்குது.”

“முதல்லருந்து படிங்ணா.”

“முடிவு சரியில்லாட்டி மொத்த லாட்டும் ரிஜெக்ட் தான. நூல எதுக்குப் பாக்கோணும்?”

மற்றவர்கள் மெல்ல அவர் வாயைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் ஜமீன்தாரின் மீசையை எடுத்தால், பாய் அவரிடம் திரும்பி, “பாஸுங்களா?” என்பார். அப்போதுதான் நான் இரண்டாவது விதியைக் கொண்டுவந்தேன். புத்தகம் கைக்கு வரும்போது கடைசி அத்தியாயம் இருக்காது. பிளேடால் அறுத்து என் சட்டைப்பையில் வைத்திருப்பேன். மீதியை முடித்துவிட்டு வருபவருக்கு மட்டும் கொடுப்பேன். எல்லாருக்கும் இது ரொம்பப் பிடித்துவிட்டது. பிரியங்கா ஒருமுறை நைட்டியோடு ஸ்கூட்டியில் வந்து வாங்கிக்கொண்டு போனாள். முடிவைப் பற்றி யாரும் யாரிடமும் பேசக்கூடாது, மற்றவர்கள் படிக்கவேண்டும் அல்லவா. நான் மறந்தும் ஒரு முடிவைச் சொன்னதில்லை. என் கட்டுப்பாட்டை எல்லாரும் பாராட்டினார்கள்.

இதுவரை எழுதியதை டீ கொண்டுவந்த ஏட்டு பொங்கியண்ணன் நின்றபடி படித்தார். “தம்பி, அந்த மீச என்னுங்க ஆச்சு?” என்றார். புத்தகம் தருகிறேன் என்றேன். நீங்கள் உள்ளே வந்து, “ஆள் எங்கடா, அத எழுதுடா மொதல்ல” என்றீர்கள். வரிசையாகத்தான் வருகிறேன் மேடம். இன்னும் கொஞ்சம்தான்.

ஞாயிற்றுக்கிழமை நான் கொண்டுபோனது முத்து நாவல். சரித்திரமும் மர்மமும் சேர்ந்தது. இப்படி ஒன்று பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும். கடற்கரையில் ராஜாவின் முத்துக் கிட்டங்கி. கதவு வெளியே பூட்டி, மேலே அரக்கு முத்திரை. முத்திரை உடையவில்லை. காலையில் திறந்தால் முத்துக்குப் பதில் பட்டாணி. அதே எடை, அதே மூட்டை. ஆறுச்சாமி டீ வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பாய் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிரியங்கா புத்தகத்தைப் பிடுங்கப் பார்த்தாள்.

மருதாசலம் முந்திக்கொண்டார். சும்மா நடுவில் புரட்டினார், கடைசியைத் தடவினார், அத்தியாயம் இல்லை என்று கண்டார். கோபப்படவில்லை.

“செரி, நீயே சொல்லு கண்ணு. முத்த எடுத்தது யாரு? கேட்டுட்டு பாஸ் பண்ணிப்போடறேன்.”

“விதி இருக்குதுங்ணா.”

“காதுல சொல்லு. நா யாருகிட்டயும் சொல்லமாட்டேன்.”

“சொல்லுங்கண்ணா, அவருக்கு மட்டும்,” என்று பிரியங்கா காதைப் பொத்திக்கொண்டாள். பாயும் பொத்திக்கொண்டார். ஆறுச்சாமி வடிகட்டியாலேயே ஒரு காதை மூடினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் குனிந்து, “கணக்குப்பிள்ளை” என்றேன்.

மருதாசலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அவரும் என் காதில்தான் சொன்னார். “முத்து காணாமப் போறதுக்கு முந்தியே கணக்குப்புள்ள செத்துப்போயிட்டானே கண்ணு. இப்பத்தான் பொரட்டுனேன். நீ இதப் படிக்கவேயில்லையா?”

நான் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

“எதையுமே முடிச்சதில்லையா?”

அவர் தையலை இழுத்துப் பார்க்கிற மாதிரி கேட்டார். பிறகு என் தோளைத் தட்டினார். “இதுக்கெல்லாம் மூஞ்சிய தொங்கப்போடாத. வர்ற ஞாயித்துக்கெழம நீயே எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போடு. சிரிச்சுட்டு உட்டுருவாங்க.”

அவர் சொன்னது உண்மை. சிரித்திருப்பார்கள்.

நான் எந்த நாவலையும் முடித்ததில்லை மேடம். நூற்றுக்கணக்கில் ஆரம்பித்திருக்கிறேன். மர்ம நாவலில் பாதி வரை எல்லாருமே கொலைகாரர்கள். சமையல்காரி, வைத்தியர், வாசலில் பால் ஊற்றுகிறவன், யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். அதுதான் தலை கிறுகிறுக்கிற இடம். அதற்கு மேல் ஒவ்வொருவராக நல்லவராகிக்கொண்டே வருவார்கள், கடைசியில் ஒரே ஒருவன் மிஞ்சுவான். அந்த ஒருவனை நான் பார்க்க விரும்பியதில்லை. இதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மாடியில் ஒருவர் சிரித்துவிட்டால், அதற்குப் பிறகு ஜமீன்தாருக்கு மீசை போனால் என்ன, தலையே போனால் என்ன.

மறுநாள் காலையில் மருதாசலத்துக்குப் போன் செய்து என் புத்தகங்களைப் பார்க்க வரச் சொன்னேன். முதலிபாளையத்தில் என் சித்தப்பாவின் காம்பாக்டிங் யூனிட், பின்னிய துணியை ஆவியில் சுருக்கி அழுத்தும் இடம், மூடிக் கிடக்கிறது, சாவி என்னிடம்தான். அதன் பின்பக்கத்தில் துணிக் கோடவுன். ஆள் உயரத்துக்கு விலை போகாத துணி ரோல்கள், நாலு சுவரையும் ஒட்டி. உள்ளே கத்தினால் அந்தத் துணி குடித்துவிடும். திருப்பூரில் அவ்வளவு அமைதியான இடம் வேறு கிடையாது. படிப்பதற்காகத்தான் நானே அங்கே போவேன், என் புத்தகங்களும் அங்கேதான்.

மருதாசலம் புத்தக அடுக்குகளைப் பார்த்ததும் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். நான் ஒரு தட்டை நீட்டினேன். அவர் பேசிக்கொண்டே போனை அதில் வைத்தார். முத்து நாவலைக் கையில் கொடுத்தேன். தண்ணீர் கேனும் பன் பாக்கெட்டும் முந்தின நாள் சாயங்காலமே வைத்திருந்தேன், படிக்கிறவருக்குப் பசிக்கும் என்று. வெளியே வந்து கதவைப் பூட்டிவிட்டுச் சொன்னேன்.

“முதல்லருந்து படிங்ணா. முத்தை எடுத்தது யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. திறந்துடறேன்.”

அவர் முதலில் சிரித்தார். பிறகு கதவைத் தட்டினார்.

அவருடைய வண்டியைத் திருமுருகன்பூண்டிக்கு ஓட்டிப்போய் சிலைப் பட்டறைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நீங்கள் அங்கே நாய் கொண்டுவந்து தேடியதாகக் கேள்விப்பட்டேன், அலைச்சலுக்கு வருந்துகிறேன். வண்டிப் பெட்டியில் சர்க்கரை மாத்திரை இருந்தது. அன்று சாயங்காலம் அவர் மனைவி பழனாயி என்னைக் கூப்பிட்டார். “கண்ணு, எங்கூட்டுக்காரரு அங்க வந்தாருங்களா? மத்தியான மாத்தரகூடப் போடுலீங்க.” இல்லீங்க என்றேன். அவருக்கும் ஒரு குடும்பக் கதை நாவல் சொல்லலாம் என்று இருந்தேன், அது சரியான நேரமாகப் படவில்லை.

கோடவுன் சாவி என் செருப்பின் உள்தோலுக்கு அடியில் இருக்கிறது, ஏட்டு தேடாத இடம் அது ஒன்றுதான். முத்து நாவலின் கடைசி அத்தியாயம் சட்டைப்பையில் இருக்கிறது, இத்துடன் வைத்துவிடுகிறேன். நான் இன்னும் படிக்கவில்லை. நீங்கள் படித்தால் எனக்குச் சொல்லவேண்டாம்.

நேற்று வரை கதவை அவ்வப்போது தட்டிக்கொண்டிருந்தார். இன்று காலை இங்கே கூட்டிவரப்படுவதற்கு முன் போய்ப் பார்த்தேன். தட்டவில்லை. மேலே தகரக் கூரை, சித்திரை வெயில், ஆனால் நல்ல நாவலில் மூழ்கிவிட்டால் வெயில் தெரியாது. இந்தப் புத்தகத்தை யாரும் பாதியில் வைக்கமாட்டார்கள் என்று அன்றே சொன்னேன்.

அவர் கேட்டும் ஏன் திறக்கவில்லை என்று கேட்டீர்கள். திறந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உள்ளிருந்து, “கண்டுபுடிச்சுட்டங் கண்ணு” என்று குரல் வந்தது, திறந்தேன். சட்டையெல்லாம் நனைந்து, ரோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பு தெரியும். பாய் மடத்துக்குளத்தில் இறங்கிய சிரிப்பு.

“மடப்பள்ளிக்காரிதான் கண்ணு. அவதான் பட்டாணிக்குச் சொல்லி உட்டது. மொதல்லருந்து படிச்சா கிறுகிறுங்குதப்பா. இத்தன வருசமா கடைசியவே இழுத்துப் பாத்துட்டு இருந்தனே, கிறுக்கன் நானு. நீ சொன்னதுதான் செரி.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “செரிதான கண்ணு? அவதான?”

எனக்குத் தெரியவில்லை. சரியான விடையா, தப்பா என்று எனக்குத் தெரியவில்லை மேடம். என் சட்டைப்பையில்தான் அந்த அத்தியாயம் இருந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. கை போகவில்லை.

நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவர் நம்பாமல் நிற்கிறேன் என்று நினைத்துவிட்டார். “ஆதாரம் இருக்குது. பக்கத்த மடிச்சு வெச்சிருக்கறேன், இரு காட்டறேன்,” என்றார். திறந்த கதவை விட்டுவிட்டு, புத்தகத்தை எடுக்க உள்ளே திரும்பினார்.

அவர் பக்கம் தேடும்போது வெளிச் சத்தம் கேட்டால் கவனம் கலையும். நான் கதவை மெதுவாகச் சாத்திப் பூட்டினேன்.