ஓடைக்கரை நிலத்துக்கு அனுமதி

— பேனாவை எங்க ஒளிச்சு வெச்ச, ஆர்லிஸ்? வேட்டைத்துறை ஆளு ஒப்பந்தத்தை எடுத்துக்கிட்டு இப்ப வந்துடுவான்.

— தேடு, லோவெல். கல்யாணமான நாள்லேருந்து இந்த வீட்டுல நீ எதைத்தான் கண்டுபிடிச்ச?

— விளையாடாத. கேளு, விஷயம் ரொம்ப எளிசு. ஓடைக்கரைப் புல்லை நாம அறுக்காம விடுறோம். ஃபெசன்ட் காட்டுக்கோழிங்க அதுக்குள்ள முட்டை வெச்சுப் பெருகும். வேட்டை சீசன் வந்தா, உள்ள வரலாம்னு வேலியில ஒரு பலகை. யாரு வேணா நடந்து போய்ச் சுடலாம். வண்டி உள்ள வரக்கூடாது. சேவலைத்தான் சுடணும், பொட்டையைத் தொடக்கூடாது. நிலத்தைத் திறந்து விட்டதுக்கு ஏக்கர் கணக்குல அரசாங்கம் நமக்குக் காசு குடுக்குது. எவனாவது குழியில விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாலும் பழி நம்ம மேல வராது.

— ஆமா ஆமா, நல்லாத்தான் பாடம் நடத்துற. ஆனா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நான் போட மாட்டேன்.

— ஏன்?

— இந்த டகோட்டாவுல துப்பாக்கியோட வர்றவன் முதல்ல வீட்டுக் கதவைத் தட்டுவான். தொப்பியைக் கழட்டிட்டு, போகலாமான்னு கேப்பான். திரும்பிப் போறப்ப ஒரு கோழியைச் சுத்தம் பண்ணிக் குடுத்துட்டுப் போவான். பலகை வெச்சா எவன் தட்டுவான்?

— தட்ட வேண்டாம்கறதுதானே இதுல இருக்கிற வசதியே! எங்கிருந்தோ வர்றவன் போன்ல வரைபடத்தைப் பார்ப்பான், நேரா புல்லுக்குள்ள போயிடுவான். உனக்கும் தொல்லை இல்ல.

— எனக்குத் தொல்லைன்னு உங்கிட்ட யாரு சொன்னா? டிராக்டருக்கு டயர் வாங்கணும், அதானே? ரெண்டு கன்னுக்குட்டியை வித்துக்கோ.

— டயருக்காக இல்ல.

— பின்ன?

— விடு.

— வாயைத் திற, லோவெல்.

— வெண்டலுக்காக.

— நம்ம பையன் பேரை நீ சொல்லிக் கேட்டு எத்தனை வருஷமாச்சு, தெரியுமா?

— தெரியும். அறுவடை நடுவுல மெஷினை வயல்லயே நிறுத்திட்டு வந்து, சூ ஃபால்ஸ் டவுன்ல வேலை கிடைச்சுருச்சுன்னான். 'இனிமே என் நிலத்துல கால் வைக்காதே'ன்னுட்டேன். சொன்னதைத் திருப்பி எடுத்துக்க எனக்கு வாய் வரல. அவனும் எனக்குப் பொறந்தவன்தானே, வந்து கதவைத் தட்டி அனுமதி கேக்க மாட்டான். விஷயம் என்னன்னா, பலகை நின்னா யாரையும் கேக்க வேண்டியதில்ல. நாயைக் கூட்டிட்டு அவன் பாட்டுக்கு வரலாம். நான் ஜன்னல்லேருந்து பார்த்துக்குவேன்.

— அவனுக்காகவா ஊருக்கே திறந்து விடுற?

— அவனுக்கு மட்டும் திறந்து விட எனக்குத் தெரியல, ஆர்லிஸ். அதோ, வண்டிச் சத்தம் கேக்குது. பேனாவைக் குடு.

— உக்காரு. சீசன் ஆரம்பிக்கிற அன்னிக்குக் காலையில, வேட்டைக்காரங்களுக்குப் பான்கேக் சுட நீ சர்ச்சுக்குப் போயிடுற, இல்லையா? அந்த நேரம் பார்த்து வெண்டல் வருஷா வருஷம் வந்து பின்கதவைத் தட்டுறான். 'அம்மா, ஓடைக்கரைக்குப் போகட்டுமா'ன்னு கேக்குறான். நின்னபடியே ஒரு காபி குடிக்கிறான். என் புள்ளை முகத்தை நான் பார்க்கிறது அந்த அனுமதி கேக்குற நேரத்துல மட்டும்தான், லோவெல்.