ஒளித்து வைத்த ஒருத்தி

எனது பெயர் சதீஸ்குமார் கிருஷாந்தினி. வயது 31. நிரந்தர முகவரி தற்போது இல்லை. மட்டக்களப்பு நகரில் ஐரீன் என்ற பறங்கி இனப் பெண்மணியின் வீட்டில் பதினெட்டு மாதமாக இருந்து, அவருடன் தையல் வேலை செய்கிறேன். யுத்தம் முடிந்த அடுத்த மாதம், 2009 ஜூன் 14 அன்று, அந்த வீட்டுச் சோதனையில் எடுக்கப்பட்ட கவிதைக் கொப்பி என்னுடையது.

நான் வாகரைப் பக்கம் பிறந்தவள். கணவர் மீன்பிடித் தொழில். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தபோது நான்கு வயது மகள் யதுர்சிகாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். தண்ணீர் கழுத்துக்கு ஏறியதும், "மூச்ச அடக்கிக்க புள்ள, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்றேன். அவள் கன்னங்களை உப்பிக்கொண்டு சொன்னபடியே செய்தாள். அதன் பின்னர் வந்த அலையில் கை நழுவியது. உடல் கிடைக்கவில்லை.

அதன் பின்னர் நானும் கணவரும் தகரக் கொட்டிலில் இருந்தோம். 2006 டிசம்பரில் ஷெல் விழுந்து கணவர் இறந்தார். அதன் பின்னர் சனங்களுடன் காட்டுவழியே நடந்து, வாழைச்சேனைப் பக்கம் ஒரு முகாமில் இருந்தேன். எவரிடமும் சொல்ல முடியாததை அங்கேதான் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். அதன் பின்னர் கல்குடாவில் கணவரின் அக்கா புஸ்பத்திடம் போனேன். ஒரு மாதம் சென்றதும் அவர் என் பையை வாசலில் வைத்து, "கோவிக்காத மச்சாள், ஊராக்கள் கதைக்கிறாங்க" என்றார்.

அதன் பின்னர், தையலுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு ஐரீன் வீட்டுக்குப் போனேன். அவர் எனக்கு ஓர் அறை தந்து, கதவின் உட்பக்கம் புதிதாகத் தாழ்ப்பாள் போடுவித்தார். அன்று விடியும்வரை தூங்கினேன்.

சோதனைக்கு வந்த அதிகாரி கொப்பியில் இந்த வரிகளை வாசித்தார்:

தேடி வருவோர் கண்ணில் படாமல்
ஒருத்தியை ஒளித்து வைத்திருக்கிறேன்.
மூச்சை அடக்கிக்கொள் பெண்ணே,
இன்னும் கொஞ்ச நேரந்தான்.

"ஆர் இவ? எங்க ஒளிச்சு வச்சிருக்காய்?" என்று கேட்டு, கட்டிலின் கீழும் அலுமாரியிலும் தேடுவித்தார். ஐரீன் முன்னால் வந்து, "இவ எங்கட வீட்டு ஆள். கேக்கிறத என்னட்டக் கேளுங்க" என்றார். மகளும் கணவரும் போன பின்னர் என்னை அப்படிச் சொன்னவர் அவர் ஒருவரே.

அந்த ஒருத்தி என் மகள். வேறு எவரையும் நான் ஒளித்து வைக்கவில்லை. ஐரீனுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மகளின் பிறப்புச் சான்றிதழும் படங்களும் கடலோடு போய்விட்டன. அவளுடைய பெயர் எழுத்தில் என்னிடம் இருப்பது அந்தக் கொப்பியில் மாத்திரமே. அதைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதில் எழுதியவற்றை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னவையே இவை, அனைத்தும் உண்மை என ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ச. கிருஷாந்தினி