பிரேக்கில் குறை இல்லை

“விளக்குல பூச்சி தானா வந்து விழுந்தா பாவம் யாருக்குப்பா?” என்று என் மகள் அமிர்தா சின்ன வயதில் கேட்டாள். ஏற்றியவருக்குத்தான் என்றேன். எங்கள் சமணக் குடும்பத்தில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவோம். ஆரணியில் இருந்துகொண்டு பட்டுத் தொழிலுக்குப் போகாமல் நான் அரிசிக் கடை வைத்ததும் பட்டுப்புழுக்களை நினைத்துத்தான். இதெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா.

போன தை மாதம் என் மனைவி சக்ரேஸ்வரி ஓட்டிய கார், வந்தவாசி சாலையில் சைக்கிளில் வந்த வீரன் என்பவர்மேல் மோதியது. அவர் இறந்துபோனார். பிரேக் பெடல் அடிவரை இறங்கிவிட்டது என்றாள் அவள். நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. அரிசி மூட்டைகளை ஏற்றி வெகுதூரம் ஓட்டியபோது பெடல் பஞ்சுபோல் இறங்கியது. கார் கம்பெனியோ, பிரேக்கில் குறை இல்லை, ஓட்டியவர் தவறு என்று எழுதிக் கொடுத்துவிட்டது.

ஓர் உயிரை எடுத்துவிட்டேன் என்று சக்ரேஸ்வரி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் வெந்நீர் மட்டும்தான். கம்பெனி தன் தவறை ஒப்புக்கொண்டால் சாப்பிடுவாள் என்று அலைந்தேன். அங்கே மேனேஜர் கோபிநாத் தணிந்த குரலில்தான் பேசினார்.

“வேற ஒருத்தர் ஓட்டும்போது இதே ஆச்சுன்னா சொல்லுங்க சார். ஒரு கேஸ வச்சிகினு மேல பேச முடியாது.”

காரை விற்றால் வாங்குபவரை ஏமாற்றுவதாகும். உடைக்கப் போட்டால் சாட்சி போய்விடும். அது வாசலிலேயே நின்றது. உள்ளே அவள் மெலிந்துகொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு நெசவாளர் பார்த்திபன், தேவிகாபுரத்தில் மச்சான் கல்யாணத்துக்குப் போக வாடகைக் கார் தேடினார். விபத்தன்று சக்ரேஸ்வரியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவர் அவர். நான் சாவியை நீட்டினேன்.

“பிரேக்கு நல்லா கீதாண்ணே? என்னையும் மேல அனுப்பிடப் போறீங்க,” என்று சிரித்தார்.

நான் பொய் சொல்வதில்லை.

“குறை இல்லன்னு கம்பெனியே எழுதிக் குடுத்திருக்காங்க தம்பி.”

மாமியார் செல்லியம்மாளை பஸ்ஸில் அனுப்புவதாக இருந்தார். வயதானவரை ஏன் அலைக்கழிக்க வேண்டும், எல்லோரும் ஒரே வண்டியில் போங்கள் என்று நான்தான் சொன்னேன். பாரம் ஏறினால் அது நிற்காது என்று எனக்குத் தெரியும்.

ஏரிக்கரை வளைவில் பார்த்திபனும் செல்லியம்மாளும் இறந்தார்கள். அவர் மனைவி சின்னபொண்ணு பிழைத்துக்கொண்டாள். கோல் ஊன்றி நடக்கிறாள். இரண்டாவது விபத்தை கம்பெனியால் மறுக்க முடியவில்லை. பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் சூட்டில் இளகுகிறதாம். அந்த மாடல் கார்களையெல்லாம் திரும்ப அழைத்தார்கள். செய்தியைப் படித்துக் காட்டினேன். அன்று பொழுது சாய்வதற்குள் சக்ரேஸ்வரி ஒரு டம்ளர் கஞ்சி குடித்தாள். எத்தனையோ பேர் உயிர் பிழைத்தார்கள் என்றும் சொன்னாள்.

இதுவரை என்னை யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

இன்று இங்கே வருமுன், தெரு எழுந்திருப்பதற்குள், சின்னபொண்ணு வீட்டு வாசலில் ஒரு மூட்டை பழைய பொன்னி அரிசியை இறக்கிவைத்துவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை. என் மனைவியைத் தூக்கிப்போன கைகளுக்கு நான் பட்ட கடன் அது. அந்தக் குடும்பத்துக்கு நான் வேறெதுவும் பாக்கி வைத்திருப்பதாகத் தெரியவில்லை.